நிழலின் சாட்சியம்

ஒளியை நன்மைக்கும் இருளைத் தீமைக்கும் குறியீடாகக் கொள்ளும் வழக்கு கீழைத்தேயத்துக்கும் மேலைத்தேயத்துக்கும் பொதுவானது. சமயத்துக்கும் நீதிநூலுக்கும் இவ்வழக்குப் பொருந்தலாம். ஆயின் ஒரு மனிதனின் குற்றத்தை அளப்பதற்கு அது போதிய அளவுகோலாகுமா என்பது வேறு வினா. அவ்வினாவைச் சொல்லால் அன்றி விளக்கொளியால் எழுப்பிய கலைவடிவம், 1940களிலும் 1950களிலும் ஹொலிவூட்டில் உருவான கறுப்புத் திரைப்படமாகும். அப்பெயரை இட்டவர் அமெரிக்கர் அல்லர். போர்க்காலத்தில் பிரான்சைச் சென்றடையாத அமெரிக்கப் படங்களைப் போர் ஓய்ந்தபின் ஒருசேரக் கண்ட பிரெஞ்சு விமர்சகர்களே, குறிப்பாக 1946இல் நீனோ பிராங்க், அவற்றை அவ்வாறு அழைத்தனர்.

அப்படங்களின் தனித்தன்மை கதையிலும் பார்க்க ஒளியமைப்பிலேயே தங்கியுள்ளது. வழக்கமான ஸ்ரூடியோப் படத்தில் பிரதான விளக்கு முகத்தை ஒளிரச் செய்யும். நிரப்பு விளக்கு அதனால் விழும் நிழலைத் தணிக்கும். பின்விளக்கு உருவத்தைப் பின்னணியினின்று பிரித்துக் காட்டும். கறுப்புத் திரைப்பட ஒளிப்பதிவாளர் நிரப்பு விளக்கை வெகுவாகக் குறைத்தனர். விளைவாக முகத்தின் ஒரு பாதி துலங்க, மறுபாதி இருளில் அமிழ்ந்தது. பில்லி வைல்டரின் 'டபிள் இன்டெம்னிற்றி' (1944) என்னும் படத்தில் ஜோன் சீட்ஸ் என்ற ஒளிப்பதிவாளர், சாளர மறைப்பினூடாக விழும் கீற்று நிழல்களைப் பாத்திரங்களின் மீது சிறைக் கம்பிகளைப் போலப் படரவிட்டார். வைல்டர், பிரிட்ஸ் லாங், ரொபேர்ட் சியோட்மாக் முதலியோர் ஹிட்லரின் எழுச்சியையடுத்து ஜேர்மனியை விட்டு வெளியேறியவர்கள். அந்நாட்டு வெளிப்பாட்டுவாதச் சினிமாவின் சாய்ந்த கோணங்களும் கூரிய நிழல்களும் அவர்களோடு அமெரிக்கா சென்றன. இருள் மலிவானது என்பதையும் மறப்பதற்கில்லை. வறிய தயாரிப்பாளரின் அரைகுறை அரங்கமைப்பை மறைக்க அதைவிடச் சிறந்த திரை வேறில்லை.

1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டு 1968இல் கைவிடப்பட்ட ஹொலிவூட் ஒழுக்கக் கோவை, குற்றவாளி இறுதியில் தண்டனையடைதல் வேண்டும் என விதித்தது. கதை அவ்விதிக்கு அடங்கியது, ஒளிப்பதிவு அடங்கவில்லை. கொலைகாரனின் முகத்தில் விழுந்த நிழல் துப்பறிவோனின் முகத்திலும் விழுந்தது. தீர்ப்பு கதையிலும் ஐயம் படிமத்திலும் இடம்பெற்ற இம்முரணே கறுப்புத் திரைப்படத்தின் அறவியற் பெறுமதி எனலாம்.

தமிழில் இதற்கு ஈடாகச் சுட்டத்தக்க படைப்பு, எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி. எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்' ஆகும். பாட்டின்றித் தமிழ்ப்படம் உண்டோ எனக் கருதப்பட்ட காலத்தில் பாட்டும் நடனமும் அற்று அது வெளிவந்தது. வசூலில் வெற்றி பெறவுமில்லை. 1943 ஒக்டோபரில் ஜப்பானியர் சென்னையிற் குண்டு வீசிய நிகழ்ச்சியின் பின்னணியில் அது அமைகிறது. சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் என்னும் வானொலிப் பொறியியலாளன் படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறான். அயலார், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, மனைவி எனப் பலரும் சாட்சியம் கூற, ஒவ்வொரு சாட்சியமும் வேறொருவரைக் குற்றஞ்சாட்டுகிறது. மாருதி ராவின் ஒளிப்பதிவு அனைவரையும் ஏறக்குறைய ஒரே நிழலில் நிறுத்துகிறது. இறுதியில் புலப்படும் உண்மை இது: தன் கண்டுபிடிப்பை அரசாங்கம் ஏற்காமையால் உள்ளங் காய்ந்த ராஜன் ஜப்பானியரின் ஒற்றனானான், துப்பாக்கி அவனது மனைவி உஷாவின் கையிலேயே வெடித்தது.

அப்படம் வெளிவந்து மூன்றாண்டு கழிந்து, 1957இல், பகைவனுக்குப் பணிபுரிந்த இன்னொரு மனிதனின் கதை திரைக்கு வந்தது. டேவிட் லீனின் 'குவாய் நதிமீது பாலம்' பொல்பிட்டியவுக்கு அண்மையில், கித்துல்கலையிற் களனி கங்கையின் மீது எழுப்பப்பட்ட மரப்பாலத்திற் படமாக்கப்பட்டது. வண்ணப்படம், அகன்ற திரை, மலைநாட்டின் பட்டப்பகல். ஜப்பானியரின் கைதியான கேணல் நிக்கல்சன், தன் வீரரின் ஒழுங்கைக் காக்கும் பொருட்டுப் பகைவனுக்குச் செம்மையான பாலமொன்றைக் கட்டிக்கொடுக்கிறான்; அதைத் தகர்க்க வந்த தன் தரப்பினரையே தடுக்க முயல்கிறான். தான் செய்தது யாதென அவன் உணர்வது சாவின் விளிம்பிலேயாகும்.

இவ்விருவரையும் ஒப்புநோக்குதல் பயனுடைத்து. இருவரையும் வழிதவறச் செய்தது பணத்தாசை அன்று; தொழிற்பெருமிதம். ராஜன் அறிந்து செய்தான், நிக்கல்சன் அறியாது செய்தான் என்று சட்டம் வேறுபாடு காணும், அது நியாயமே. ஆயினும் நிக்கல்சனின் அறியாமை இருளில் நிகழ்ந்ததன்று. மறைவு ஏதுமற்ற வெயிலில், எல்லோரும் காண, பாலம் முழம் முழமாக உயர்ந்தது. வேலையின் நேர்த்தியைக் கண்ட கண், அவ்வேலை யாருக்கு என்பதைக் காணவில்லை. முழுவெளிச்சம் அனைத்தையும் காட்டிவிட்டதான மயக்கத்தைத் தருகிறது. பாதி இருண்ட முகமோ, காணாத பாதியொன்று உண்டென்பதைப் பார்வையாளன் மறக்கவிடுவதில்லை.

இக்கேள்வி கித்துல்கலைப் பாலத்தோடு ஒழிந்துபோகவில்லை. 1969இல் இயங்கத் தொடங்கிய பொல்பிட்டிய நீர்மின் நிலையம், 1918இலேயே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர முன்வைத்த நீர்மின் சிந்தனையின் வழிவந்தது. மலையாற்றின் வீழ்ச்சியை ஒளியாக்கிய அச்சாதனை மறுக்கற்பாலதன்று. ஆனால் அத்தொடரின் மேற்பகுதியில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. நீர்மட்டம் தாழும் காலங்களில் அங்கிருந்த வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் வெளித்தோன்றும். அம்மலைகளின் நீர் கொழும்பு வீதிகளை ஒளிரச் செய்த பின்னரும், சூழவுள்ள தோட்டங்கள் பலவற்றின் லயக்காம்பராக்களில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. இதில் ஒற்றனும் இல்லை, துரோகியும் இல்லை. நேர்த்தியான வேலையொன்றும், அதன் ஒளி எட்டாத வாசல்களும் உள்ளன. அவ்வளவே, ஆனால் அது சிறிதன்று.

கறுப்புத் திரைப்படத்துக்கு எதிராக வலுவான வாதமொன்று உண்டு. எல்லோர் முகத்திலும் நிழலை விழுத்துவது எல்லோரையும் சமமாகக் கறைபட்டவராக்கும்; எல்லோரும் குற்றவாளிகள் என்பது எவரையும் பொறுப்பாக்காமைக்கு வசதியான வழி. அநீதியை அழகிய நிழலாக்கி இரசிக்கும் ஆபத்தும் அதிலுண்டு. இவ்வாதத்தை எளிதில் ஒதுக்க இயலாது. அப்பாணியின் பிற்காலப் போலிகள் பலவற்றில் நிழல் வெறும் அணியாகவே எஞ்சியது. ஆயின் 'அந்த நாள்' அக்குழியில் விழவில்லை. நிழல் பொதுவாயினும் விசாரணை ஒருவரிடமே சென்று முடிகிறது. ராஜனின் ஏமாற்றம் எத்துணை நியாயமானதென்று படம் விளங்கவைக்கிறது. அதனாற் குண்டுவீச்சுக்குத் துணைபோனவன் என்ற பொறுப்பிலிருந்து அவனை விடுவிக்கவில்லை. உஷா அவனை நேசிக்கிறாள், துப்பாக்கியையும் ஏந்துகிறாள். விளங்கிக்கொள்ளல் வேறு, மன்னித்தல் வேறு என்பதை அவள் அளவுக்கு எந்த நீதிபதியும் உணர்ந்திருக்க மாட்டார்.

மலையகத் தோட்டங்களில் இரவிரவாக ஆடப்படும் காமன் கூத்தின் பார்வையாளருக்கு இது புதிதாக இராது. தீப்பந்தங்களின் அலையும் ஒளியில் மன்மதனின் முகம் ஒருகணம் துலங்கி மறுகணம் மறையும். தேவரின் ஏவலால் சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்றவன் அவன். ரதி தடுத்தும் கேளாது சென்றான். ஏவியவர் குற்றமா, ஏவலுக்குப் பணிந்தவன் குற்றமா, எரித்தவர் குற்றமா? தமிழகத்து லாவணியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் எதிரெதிர் நின்று விடியும்வரை இதனை வாதிடும். விடிந்தபின் பந்தங்கள் அணைக்கப்படும். வாதம் அடுத்த மாசிக்கும் எஞ்சியிருக்கும்.