தொகுப்பில் அடங்கும் உயிர்

சேக்காட்டிலிருந்து ஆவடி, பூந்தமல்லி வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்வோர், 1998 முதல் கார்களை உருவாக்கிவரும் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையைக் காண்பர். அங்காயினும் வேறெங்காயினும் உருவாகும் காரை வாங்க முனைவோர், தமக்கு வேண்டிய வசதி ஒன்றை மட்டும் கேட்டுப் பெறுதல் அரிது. பின்கண்ணாடி வைப்பர் வேண்டுமெனில், அலாய் சக்கரமும் பாட்டுக்கருவியும் சேர்ந்த உயர்ந்த வகையையே பெரும்பாலும் வாங்க வேண்டும். இது நியாயமா?

உடனே தீர்ப்புக் கூறிவிடலாகாது. சேர்க்கலாம் அல்லது விடலாம் என்னும் வசதிகள் பத்து இருப்பின், உருவாகக்கூடிய கார் வகைகள் 1,024. அத்தனைக்கும் ஏற்ப மின்கம்பி இணைப்புகள் மாறும்; உதிரிபாகம் செய்யும் அம்பத்தூர்ப் பட்டறை எதை எத்தனை செய்வதென்று அறியாது தவிக்கும். சில தொகுப்புகளாகச் சுருக்கினால் வேலை எளிதாகும், அடக்கவிலை குறையும். ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 1914 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் 'மாடல் டி' காரைக் கறுப்பில் மட்டுமே விற்றது. நடுத்தரக் குடும்பங்களும் அதை வாங்கின. எனவே, தேர்வைக் குறைப்பது தன்னளவில் அநீதி அன்று.

ஆயினும் தொகுப்பில் மற்றொரு கணக்கும் உண்டு. ஒன்றை விரும்புபவர், அதன்பொருட்டு வேண்டாத நான்கிற்கும் பணம் தருவார். அந்த ஒன்று பாட்டுக்கருவியாயின் இழப்பு சிறிது. உயிர்காக்கும் காற்றுப்பையாயின்?

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, ஐந்து இந்தியக் கார்களின் அடிப்படை வகைகளை மோதவிட்டுச் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. இருங்காட்டுக்கோட்டையின் ஐ10-உம் மறைமலைநகரின் ஃபிகோவும் அவற்றுள் அடங்கும். காற்றுப்பையற்ற அந்த ஐந்தும், பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அவற்றுள் ஒன்றான போலோ, இரு காற்றுப்பைகளுடன் சோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரங்கள் பெற்றது.

"விலை ஏறினால் எளியவர் இருசக்கர வாகனத்திலேயே தங்கிவிடுவாரே" என்பர். புறக்கணிக்கத்தக்க வாதம் அன்று இது. ஆனால், ஒரே பொருளை எல்லாக் கார்களிலும் பொருத்தும்போது அடக்கவிலை குறையும் என்பது, தொகுப்பிற்காக ஆலைகள் கூறும் அதே நியாயமன்றோ? அது காற்றுப்பைக்கு மட்டும் பொருந்தாமற் போவதேன்?

2019 ஜூலை முதல் ஓட்டுநரின் காற்றுப்பையைச் சட்டம் கட்டாயமாக்கியது. 2022 முதல் பக்கத்து இருக்கைக்கும் அது எல்லாப் புதிய கார்களிலும் இடம்பெற்றது. அதனால் ஆலைகள் நின்றுவிடவில்லை. தொகுப்பு தேவை என்பதை இயந்திரம் முடிவு செய்யலாம். எதை எல்லோர்க்கும் பொதுவில் வைப்பது, எதை வசதி படைத்தோர்க்கு ஒதுக்குவது என்பதை மனிதரே முடிவு செய்கின்றனர். அங்குதான் வணிகம் அறத்திற்குப் பதில் சொல்லக் கடமைப்படுகிறது.