வாசலுக்கு வந்த நாய்கள்



பொதுக்காலத்தின் 26ஆம் ஞாயிறாகிய இன்று, நற்செய்தியில் நாய்கள் வருகின்றன. இயேசு சொன்ன உவமையில், செல்வரின் வாசலில் கிடந்த ஏழை இலாசரின் புண்களை அவை நக்கின என்கிறார் லூக்கா. வழக்கமாக இந்த நாய்களை வேகமாகத் தாண்டிப் போய்விடுவோம். இன்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். அதற்கு வியன்னா வரை போய்வர வேண்டும்.

ஆஸ்திரியாவின் அந்தத் தலைநகரில் 1900ஐ ஒட்டி சுமார் 50 பட்டறைகள் சின்னஞ்சிறு வெண்கல உருவங்களை வார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் நாய்களுக்குத் தனி மவுசு. குட்டைக்கால் டாஷண்ட், சப்பை முகப் பக், காது விறைத்த டெரியர். பல உள்ளங்கையில் அடங்கிவிடும். வார்த்து, இணைத்து, அரம் போட்டுச் சீராக்கியபின் வண்ணம் தீட்டுவார்கள். அதைச் சூளையில் சுடுவதில்லை. அடுக்கடுக்காகப் பூசி உலரவிடுவதோடு சரி. அதனால் கைபடக் கைபட உதிரும். பழைய வண்ணம் உதிராமல் இருந்தால்தான் மதிப்பு. யாராவது புதிதாகப் பூசிவிட்டால் விலை இறங்கிவிடும். சேகரிப்பவர்கள் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு காதின் பின்புறம், வால் நுனி, பாதம் என்று தேடுவார்கள். பிறகு அடியைப் புரட்டி முத்திரையைப் பார்ப்பார்கள். ஜாடி வடிவத்துக்குள் ‘பி’ என்ற எழுத்து இருந்தால் ஃபிரான்ஸ் பெர்க்மன் பட்டறை. இதிலும் போலி உண்டு!

வண்ணம் தீட்டியவர்கள்? பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்த பெண்கள். விலை அவர்கள் தூரிகைக்கு, முத்திரை முதலாளிக்கு.

பழம்பொருள் சேர்ப்பது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்தக் கண் கடவுள் தந்தது. முதல் வாசகத்தில் ஆமோஸ் தந்தக் கட்டில்களைச் சாடுகிறாரே? சமாரியாவில் 1930களில் நடந்த அகழாய்வில் அத்தகைய தந்த வேலைப்பாடுகள் கிடைத்தன, இறைவாக்கினர் மிகைப்படுத்தவில்லை. ஆனால் அவர் கோபம் தந்தத்தின்மேல் அல்ல. கட்டிலில் சாய்ந்திருந்தவர்கள் தங்கள் மக்கள் சீரழிவதைக் கண்டு வருந்தவில்லையே என்பதுதான் அவர் ஆற்றாமை.

உவமையில் வரும் செல்வரும் இலாசரை விரட்டவில்லை, அடிக்கவில்லை. அவர் பெயர்கூடத் தெரிந்திருக்கிறது! இறந்தபின் பாதாளத்தில் வேதனைப்படும்போது ஆபிரகாமிடம் இலாசரைப் பெயர் சொல்லித்தானே அனுப்பக் கேட்கிறார்? அதுவும் ஏவல் வேலைக்கு. தம் வாசலில் ஒருநாளாவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாகக் கதையில் இல்லை.

நாய்கள் நக்கியதை இலாசரின் இழிநிலைக்கு அடையாளமாகச் சில விரிவுரையாளர்கள் காண்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் உயிரோடிருந்தவரை அவரைத் தொட்டதாக நற்செய்தி சொல்வது அவற்றை மட்டுமே.

இயேசுவின் உவமைகளில், ஆபிரகாமை விட்டால், பெயரோடு வருபவர் இலாசர் ஒருவர்தான். மெல்லிய துணி உடுத்திய செல்வருக்குப் பெயரே இல்லை. வியன்னா முத்திரைக்கு நேர் எதிர்.

மன்றாட்டுகளின் முடிவில் சற்றுநேரம் மௌனமாக இருப்போம். உங்கள் தெருவைப் பெருக்குபவர், வாசலில் காய் விற்பவர், மாடிப்படியைக் கழுவுபவர், இவர்களில் ஒருவருக்காக அவர் பெயரைச் சொல்லி மன்றாடுங்கள். பெயர் தெரியாதவர்கள் நாளைக் காலை கேட்டறிந்து, இரவு வீட்டு ஜெபமாலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.