கொடாதிருத்தலும் தருமமாகுமோ?



சென்ற மாதம் நமது கோயில் மண்டபத்தில் நடந்த இரத்ததான முகாமுக்கு முந்தின ஞாயிறன்று, வாலிபர் ஒருவரும் பின்வாங்கலாகாது என்று பூசையில் சொன்னேன். முகாமுக்கு மறுநாள் ஒரு வாலிபன் என்னிடம் வந்தான். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, அறைவீட்டுத் திண்ணையில். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவன் யாரென்று தேடவேண்டாம்.

வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் ஐந்து வாரத்துக்கு முன் அவனுக்கு மலேரியா வந்து குணமாயிற்று. முகாமில் கொடுத்த தாளில் அதைக் கேட்டிருந்தார்கள். இல்லையென்று எழுதிவிட்டான். "எல்லோரும் வரிசையில் நிற்க நான் மட்டும் எப்படிச் சாமி திரும்பிப் போவது? எப்படியும் பரிசோதிக்கத்தானே போகிறார்கள்?" என்றான்.

உடனே இரத்த வங்கிக்குத் தொலைபேசியில் சொன்னோம். அந்தப் பையை ஒதுக்கி வைத்தார்கள்.

அவன் சொன்னதில் பாதி மெய். நம் நாட்டில் இரத்தப் பை ஒவ்வொன்றும் மலேரியாவுக்காகவும் பரிசோதிக்கப்படவேண்டும். ஆனால் கிருமிகள் மிகச் சொற்பமாயிருந்தால் பரிசோதனைக்குத் தப்பிவிடும். அவை சிவப்பணுக்களுக்குள்ளே வாழ்வதால், குளிர்பெட்டியில் வைத்த இரத்தத்திலும் பல நாள் உயிரோடிருக்கக் கூடும். ஆகையால்தான் மலேரியா வந்து குணமானவர் 3 மாதம் இரத்தம் கொடுக்கலாகாது என்று விதித்திருக்கிறார்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறதென்பதை 1897-ல் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். இங்கேயோ கொசுவின் வேலையை ஊசியே செய்துவிடும்; அதுவும் பிரசவத்தில் இரத்தம் இழந்து கிடக்கிற ஒரு தாய்க்கு.

நல்ல எண்ணத்தோடு செய்தது பாவமாகுமா என்று கேட்டான். ஒரு செய்கை நல்லதாயிருக்க, கருத்து மாத்திரம் நல்லதாயிருந்தால் போதாது. செய்யும் காரியமும் அதன் சந்தர்ப்பங்களும் நல்லவையாயிருக்க வேண்டுமென்பது அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதனை. இரத்தம் கொடுப்பது பிறர்சிநேகம். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லிக் கொடுப்பது, பெறுகிறவனுக்குத் தெரியாமல் அவன்மேல் ஓர் அபாயத்தைச் சுமத்துவது. எட்டாம் கற்பனையோடு ஐந்தாம் கற்பனையும் இங்கே வந்து நிற்கிறது.

வீடுகளிலும் இது நடக்கிறது. பெரியம்மாவுக்கு ஆபரேஷன், பதில் இரத்தத்துக்கு ஆள் வேண்டும், "காய்ச்சலைப் பற்றி வாயைத் திறக்காதே" என்று மாமா சொல்லியனுப்புகிறார். அந்த இரத்தம் பெரும்பாலும் பெரியம்மாவுக்குப் போவதில்லை. முகந்தெரியாத வேறொரு நோயாளிக்குப் போகிறது. இரத்தத்தைக் காசுக்கு விற்பது 1998 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. காசுக்காக நோயை மறைத்தவர்களைக் குறைசொன்ன நாம், மானத்துக்காக மறைத்தால் அது வேறாகிவிடுமோ?

அந்த வாலிபனை மாத்திரம் நான் குற்றப்படுத்த மாட்டேன். ஒருவரும் பின்வாங்கலாகாது என்று சொன்னவன் நான். திரும்பிப் போகிறவனைக் கோழையென்று பார்த்தவர்கள் மற்ற வாலிபர்கள். உண்மை சொல்ல இடங்கொடாமல் உண்மையை எதிர்பார்த்தோம்.

அடுத்த முகாமில் கேள்வித்தாள் நிரப்பும் இடத்துக்குத் திரை கட்டச் சொல்லியிருக்கிறேன். ஒடிசா, சத்தீஸ்கர் பக்கம் வேலைக்குப் போய் வந்தவர்கள் அதை மறவாமல் டாக்டரிடம் சொல்லவும். கொடுத்தவர், கொடாதவர் எல்லோருக்கும் ஒரே பந்தியில் காப்பி. பெயர்ப்பட்டியல் எதுவும் கோயில் பலகையில் ஒட்டப்படமாட்டாது.