பட்டியலில் இல்லாத பெயர்

தேர்தல் நாளன்று மேற்கு மாம்பலத்தில் வாக்குச்சாவடி வரிசை கொஞ்சம் நீண்டாலே, வெயிலைக் காரணம் சொல்லி வீடு திரும்பிவிடுகிறோம். எனக்கு அப்போதெல்லாம் இலங்கை மலையகம் நினைவுக்கு வரும். தேயிலைக் கொழுந்து பறித்த நம் மக்கள் தொழிற்சங்கம் கட்டி, 1947 தேர்தலில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே அவர்களின் குடியுரிமையைப் பறித்த குடியுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் போயிற்று. உழைத்தவர்களுக்கு எவ்வளவு பெரிய அநீதி! இதை எதிர்த்து 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. இதற்கிடையே, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறி வந்து, விரலில் முதன்முதலாக மை வைத்துக்கொண்டவர்கள் நம் நீலகிரியில் இருக்கிறார்கள்.