அடுத்தவர் காதுக்கு ஒரு பூட்டு

திண்டுக்கல் பூட்டைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? மாங்காய்ப் பூட்டு என்பார்கள். நல்ல கனம். 2019-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. தாத்தா பூட்டிய பூட்டைப் பேரன் திறந்துகொண்டிருப்பான். ஏன் அப்படி உழைக்கிறது? உள்ளே இருப்பது நம்ம பொருளாச்சே!

அதே ஊரிலிருந்து வேடசந்தூர் போகிற வழியில், தாடிக்கொம்பில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். சைலன்சரைக் கழற்றிய புல்லட் ஒன்று 'டப டப'வென்று போகும். தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவரைக் கும்பிட வந்த கூட்டமே திரும்பிப் பார்க்கும். ஓட்டுகிறவருக்குக் கம்பீரம். தொட்டில் குழந்தைக்கு?

பி.காம். படித்த புத்தி, எதையும் பற்று வரவு எழுதிப் பார்க்கும். சைலன்சர் கணக்கு விசித்திரமானது. செலவு, எடை, கொஞ்சம் இழுவைக் குறைவு எல்லாம் என் பக்கம். லாபமோ, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பக்கம். அப்படியொரு சாமானை உழைக்கிற மாதிரி செய்ய எனக்கென்ன தலையெழுத்து?

இந்தக் கேள்வி முற்றிப்போய் நிற்கும் இடம், சொந்த ஷெட்டில் குட்டி விமானம் கட்டுகிறவர்களின் உலகம். அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. (நமக்கும் புதிதில்லை. மவுன்ட் ரோடு ஓட்டல்காரர் டி ஏஞ்சலிஸ் 1910-லேயே சிம்ப்சன் கம்பெனியில் விமானம் செய்து, பல்லாவரத்தில் பறந்து காட்டினார்.) அங்கே சிலர் மாஸ்டா காரின் ரோட்டரி எஞ்ஜினை விமானத்தில் பொருத்துகிறார்கள். மேலும் கீழும் போகிற பிஸ்டன் கிடையாது. முக்கோண ரோட்டர் ஒன்று சுற்றும். நம்ம நிஷாந்த் ஆளில்லா விமானத்தில்கூட, இந்தியாவில் செய்த 55 குதிரைத்திறன் ரோட்டரி எஞ்ஜினை 2009-ல் வைத்துப் பறக்கவிட்டார்கள். சின்னது, லேசானது, அதிர்வு குறைவு. வாய்தான் பெரிசு!

புகையைத் தடுத்து விட வால்வு இல்லை. துவாரம் சட்டென்று திறக்க, முழுசாக எரியாத வாயு 900 டிகிரிச் சூட்டில் சம்மட்டி மாதிரி வந்து அடிக்கும். சாதாரண இரும்புத் தகடு செதில் செதிலாக உதிரும். சத்தத்தைக் குடிக்க அடைத்து வைத்த கண்ணாடி நார், புகையோடு புகையாகப் போய்விடும். ஒரு மீட்டர் எவர்சில்வர் குழாய் அந்தச் சூட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் நீளும். நீள இடம் விடாமல் இரு முனையையும் இறுக்கினால், வெல்டிங் விட்டுப்போகும். உள்தகடு உடைந்து வாயை அடைத்தால் எஞ்ஜின் திணறும்... நடுவானில்!

இன்கோனெல் என்ற நிக்கல், குரோமியக் கலவை தாங்கும். நழுவுகிற மூட்டு வைத்தால் குழாய் நீண்டு சுருங்கும். ஆனால் விலை? எடை? 'வெறும் குழாய் போதும்' என்று ஒருவர் முடிவு செய்தால் அதிசயமில்லை. அவர் காதில்தான் ஹெட்போன் இருக்கிறதே.

போலீஸ் பயம் வேண்டும் என்பீர்கள். புல்லட்டுக்குச் சரி. நம்பரைப் பார்த்துப் புகார் செய்யலாம். 2019 சட்டத் திருத்தப்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். மூவாயிரம் அடி உயரத்தில் போகிறவரை என்ன செய்வீர்கள்? கீழே இப்போதுதான் கண்ணயர்ந்த நோயாளிக்கு அவர் பேர் தெரியாது, ஊர் தெரியாது. தூக்கம் கலையவில்லை என்றால், யார் புண்ணியத்தில் என்பதும் தெரியாது.

அந்த நோயாளிக்காக யாராவது ஒருவர், ராத்திரி ஷெட்டில் உட்கார்ந்து, மூன்றாவது தடவையாக வெடித்த சைலன்சரை அறுத்துப் பிரித்து, எந்த வெல்டிங் விட்டது என்று தேடிக்கொண்டிருப்பார்.