ஏகாந்தம் எங்கே உள்ளது?

பணியிலிருந்து ஓய்வு பெறும் காலம் நெருங்க நெருங்க, நகரவாழ்வில் சலித்த பலருடைய உள்ளத்தில் ஓர் ஆசை தளிர்விடுகிறது. ஆற்றங்கரை ஊரில் ஓர் ஓட்டு வீடு, வாசலில் திண்ணை, கொல்லையில் கிணறும் துளஸி மாடமும், பறவைகளின் ஒலியன்றி வேறொன்றும் செவியில் விழாத விடியற்காலை. அங்கே அமர்ந்து எஞ்சிய நாள்களைப் பகவத் சிந்தனையில் கழிக்கலாகாதா என்பதே அவ்வாசை. இது குற்றமுள்ள ஆசையன்று. ஆயினும், அமைதி இடத்தில் உள்ளதா, மனத்தில் உள்ளதா? பிறரை விட்டு விலகித் தான் மட்டும் அமைதியுற விழைவது தர்மமாகுமா? இவ்விரு வினாக்களையும் ஆராய்ந்த பின்னர் அவ்வீட்டின் கதவைத் திறத்தல் நலம்.

சாஸ்திரம் தனிமையைப் பழிக்கவில்லை. ஸ்ரீமத் பகவத்கீதையின் 6ஆம் அத்தியாயத்தில், யோகம் பயில்வோன் தனியிடத்தில் தனித்திருக்க வேண்டும் என்று கண்ணன் விதிக்கிறான். 13ஆம் அத்தியாயத்தில் ஞானத்திற்கு ஸாதனமான குணங்களை எண்ணும்போதும், ஜனக்கூட்டமற்ற இடத்தை நாடுதலை அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கிறான். ஆனால் அவ்வரிசையை ஊன்றி நோக்க வேண்டும். முதலில் வருவது செருக்கின்மை. மக்கள், மனைவி, வீடு முதலியவற்றில் ஒட்டுதலற்றிருத்தல் பின்னர் வருகிறது. அதற்கும் அடுத்த ஸ்லோகத்திலேதான் தனியிடம் பேசப்படுகிறது. அந்த ஸ்லோகத்தின் முற்பாதியோ பிறழாத பக்தியைக் கூறுகிறது. வீட்டுப்பற்றை விட்டவனுக்கு விதித்த தனிமையை, புதியதொரு வீட்டில் பற்று வைத்துப் பெற்றுவிட இயலுமோ?

அனுபவமும் இதையே காட்டும். கிராமத்து வீட்டில் குடிபுகுந்தவர்க்கு முதற் பத்து நாள்கள் இனிமையாகவே கழியும். பின்னர், வேலி ஓரத்துத் தென்னை யாருடையது என்ற எண்ணம் ஜபத்தின் நடுவே எழும். அண்டை வீட்டுக் கன்று கொல்லைக்குள் நுழைந்தால் கோபம் எழும். நகரத்தில் ஆயிரம் ஓசைகளைப் பொறுத்த செவி, இங்கே ஓர் ஓசையைப் பொறாது. கூட்டம் வெளியே குறைந்ததேயன்றி உள்ளே குறையவில்லை.

ஸ்ரீமத் பாகவதத்தின் 5ஆம் ஸ்கந்தத்தில் வரும் பரதனின் சரிதம் இதற்குத் தக்க சான்று. ராஜ்யத்தையும் மக்களையும் துறந்து, கண்டகி நதிக்கரையில் புலஹாச்ரமத்தில் தனித்திருந்து பகவானை ஆராதித்தவன் அவன். சிங்கத்தின் கர்ஜனைக்கு அஞ்சித் தாவிய பெண்மான் ஒன்று உயிர்விட, ஆற்றில் விழுந்த அதன் குட்டியை அவன் காத்தான். காத்தது கருணை, அதில் பிழையில்லை. ஆனால் நாளடைவில் மான் எங்கே, மேய்ந்ததா, திரும்பியதா என்ற எண்ணமே நிறைந்து, ஆராதனம் நழுவிற்று. ராஜ்யத்தை விட்டு வந்தவனை ஒரு மான்குட்டி கட்டியது. அந்திம ஸ்மரணமும் அதுவேயாகி, மறுபிறவியில் மானாகவே பிறந்தான்.

அதற்கும் அடுத்த பிறவியில் ஜடபரதனாகிய அவனை, ரஹூகண மன்னனின் ஆட்கள் பிடித்துப் பல்லக்குச் சுமக்க வைத்தனர். எறும்பு முதலியன மிதிபடாதபடி அவன் பார்த்துப் பார்த்து நடந்தமையால் பல்லக்குக் குலுங்கிற்று, மன்னன் ஏசினான். ஏச்சு அவனைத் தீண்டவில்லை. பின்பு அம்மன்னனுக்கே அவன் தத்துவம் உபதேசித்தான். காட்டில் கிட்டாத ஏகாந்தம் பல்லக்கின் கீழ், சுமப்போர் நடுவே கிட்டியது. காலடியில் உள்ள சிற்றுயிரையும் அந்த ஏகாந்தம் மறக்கவில்லை என்பது நினைக்கத்தக்கது.

இரண்டாம் வினாவிற்கு விடை ப்ரஹ்லாதன் வாக்கில் உள்ளது. முனிவர்கள் தம் முக்தியையே கருதி மௌனமாய்த் தனியிடங்களில் திரிகின்றனர். துன்புறும் இவ்வெளியோரை விட்டுத் தான் ஒருவன் மட்டும் கரையேற விரும்பவில்லை என்பது நரஸிம்ஹனிடம் அவன் செய்த விண்ணப்பத்தின் கருத்து. ஆகவே தனிமை உபாயமேயன்றிப் பயனன்று. முதிய தாயை ஒருவர் பொறுப்பில் தள்ளிவிட்டு, நோயுற்ற உடன்பிறந்தாளை மறந்துவிட்டுத் தேடும் அமைதி, அமைதியின் உருவில் வந்த தன்னலமேயாகும். நகரத்திலிருந்து உதவி நாடி ஒரு செய்தி வரும்போது, அமைதி கெட்டதே என்று உள்ளம் சலிக்கிறதா, எழுந்து புறப்படுகிறதா என்பதே ஏகாந்தவாஸிக்குச் சோதனை.

இவ்வுத்ஸவத்தை ஸேவிக்கும் அன்பர்கள் எம்பெருமானையே நோக்கலாம். அவனுக்கும் ஏகாந்தம் உண்டு. இரவில் நடை அடைக்கப்படுகிறது. ஆனால் விடியலில் அது திறக்கப்படாமல் இருப்பதில்லை. கோயிலுக்கு வர இயலாத முதியோரும் பிணியாளரும் தத்தம் வாசலிலேயே ஸேவிக்கும்படி, ஆரவாரம் மிகுந்த வீதிகளில் அவன் எழுந்தருள்கிறான். மீண்டும் தன் ஆஸ்தானத்திற்குத் திரும்புகிறான்.

அடியார்களின் ஏகாந்தமும் அவ்வாறே அமையட்டும். நாள்தோறும் ஒரு நாழிகை, வீட்டின் ஒரு மூலையில், கண்மூடி அவனை நினைத்தல் எவர்க்கும் எளிது. கிராமத்து வீடு வாய்த்தவர்க்கு அதுவும் அவன் அருளே. எவ்வீடாயினும், அடைத்த கதவு உரிய வேளையில் பிறர்க்காகத் திறக்குமாயின், அங்கே குடிகொள்வது மெய்யான சாந்தி.

சுபம்.