கறுப்புச் சாக்லெட்டும் கடைத் தராசும்

அரிசிச் சோற்றை ஒதுக்கி வைத்தவர் சாக்லெட் தின்னலாமா? புக்கிட் மெர்தாஜாமில் நம்மவர் நால்வர் கூடுமிடத்தில் இந்த வினா இப்போது அடிக்கடி எழுகிறது. கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றினாலும், வியாபாரிகளாகிய நாம் சற்று நின்று ஆலோசிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறதென்றே கருதுகிறோம்.

மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பையே முக்கிய உணவாகக் கொள்ளும் முறைக்குக் கீட்டோ உணவு என்று பெயர். தமிழகத்தில் இதற்கு நெருங்கிய முறை ஒன்று 'பேலியோ' என்ற பெயரில் பரவியது. மாவுச்சத்துக் கிடைக்காதபோது ஈரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்னும் பொருளை உண்டாக்குகிறது; உடல் அதையே எரிபொருளாகக் கொள்கிறது. 1921-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்து டாக்டர் ரஸ்ஸல் வைல்டர், காக்காய்வலிப்பு நோயாளிகளுக்காக இம்முறையை எடுத்துரைத்தார். இன்று எடையைக் குறைக்கவும் இனிப்பு நீரை அடக்கவும் விரும்புவோர் இதைக் கைக்கொள்கிறார்கள். நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராம் வரைதான் மாவுச்சத்து என்பது பொதுவான வரம்பு. நம் கடைத் தட்டில் விழும் 250 கிராம் சோற்றிலேயே ஏறக்குறைய 70 கிராம் இருக்கிறதென்றால் இதன் கடுமை விளங்கும்.

இத்தனை கடுமைக்குள் சாக்லெட் எப்படி நுழைந்தது? கொக்கோவில் கொழுப்பு மிகுதி என்பதே காரணம். ஆனால் உறையின்மேல் 70 சதவீதம் என்று போட்டிருந்தால், அது கொக்கோவின் பங்கு. எஞ்சிய 30 சதவீதம் பெரும்பாலும் சீனிதான். பத்துக் கிராம் எடையுள்ள ஒரு துண்டில் மூன்றரைக் கிராம் அளவு மாவுச்சத்து சேரும். 85 சதவீதமென்றால் இரண்டு கிராம் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே கணக்குப்படி ஒரு துண்டுக்கு இடமுண்டு. நூறு கிராம் பாளம் முழுவதையும் தின்றால் 35 கிராம். அன்றைய வரம்பின் பெரும்பகுதி அதிலேயே முடிந்தது. 'சீனி இல்லை' என்று விற்கும் சாக்லெட்டிலும் எச்சரிக்கை வேண்டும். சீனிக்குப் பதிலாக மால்டிட்டால் சேர்த்திருந்தால் அதுவும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். சரக்கு வாங்குமுன் உறையின் பின்புறத்தைப் படிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இனிப்பு நீருக்கு மருந்தோ ஊசியோ எடுத்துக்கொள்பவர் டாக்டரைக் கேளாமல் சோற்றை நிறுத்துவது ஆபத்து. சில மருந்துகளோடு இரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். வேறு சில மருந்துகளோடு கீட்டோன் அளவுமீறி இரத்தம் புளித்துப்போகும். பக்கத்துக் கடைக்காரருக்கு ஒத்துக்கொண்டது என்பது ஒரு சான்றாகாது.

இனி வினாவுக்கு வருவோம். ஆசையை அடக்கப் புறப்பட்டவன் ஆசைக்கே ஒரு பின்வாசல் திறந்து வைப்பது போலித்தனம் என்கிறார் ஒருவர். ஆகுமான பொருள்தானே, வரம்புக்குள்தானே, இதில் என்ன குற்றம் என்கிறார் மற்றவர். நாம் இரண்டாமவர் பக்கமே நிற்கிறோம். கசப்பும் நறுமணமும் கலந்த அந்தத் துண்டு நாவில் மெல்லக் கரைவது இன்பமே. கொக்கோ வெண்ணெய் நம் உடற்சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகுவது. அதனால்தான் வாயில் வைத்ததும் கரைகிறது. (நம்மூர் நடுப்பகல் வெயிலில் பையில் வைத்தாலும் ஏறக்குறைய அதே கதிதான்!) அதைச் சுவைத்து உண்பதில் கட்டுப்பாட்டுக்குக் குறைவு எதுவும் வந்துவிடாது. முகத்தைச் சுளித்துக்கொண்டு பட்டினி கிடப்பவன்தான் நல்லவன் என்று யார் சொன்னது?

ஆயினும் இரண்டாமவரிடம் நாம் ஒன்று கேட்போம்: அந்தத் துண்டை நிறுத்துப் பார்த்தீரா? வாடிக்கைக்காரருக்கு ஒரு கிராம் குறைந்தாலும் மனம் உறுத்துகிற நம்மவர், தமக்கென்று வரும்போது தராசைத் தொடுவதே இல்லை. ஒரு துண்டு இரண்டாகிறது. கல்லாவில் உட்கார்ந்தபடி எடுத்தது கணக்கில் ஏறுவதில்லை. இரவில் எடுத்தது நினைவிலும் நிற்பதில்லை. அளவையில் மோசம் செய்வோரின் பெயராலேயே திருக்குர்ஆனில் 83-ஆம் அத்தியாயம் வழங்குகிறது. பிறரிடம் வாங்கும்போது நிறைய அளந்துகொண்டு, கொடுக்கும்போது குறைப்பவர்களை அது கண்டிக்கிறது. வாங்குபவனும் கொடுப்பவனும் ஒருவனேயாக இருக்கும்போது அந்த மோசத்தைக் கண்டுபிடிக்க மூன்றாம் ஆள் கிடையாது. சாக்லெட் தின்னலாமா என்ற வினாவை விட, தின்றதை ஒளிக்காமல் எழுதுகிறோமா என்பதே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

தராசைப் பற்றிப் பேச வந்ததால், கடைக்குள்ளும் அதைக் கொண்டு போவோம். முதலாளி சோற்றை விட்டார். தேத்தண்ணீரில் சீனியை விட்டார். குளிர்பெட்டியில் தமக்கென்று 85 சதவீதச் சாக்லெட் வைத்திருக்கிறார். 2024-ல் உலகச் சந்தையில் கொக்கோ டன் 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டிய பிறகும் அவரால் அதை வாங்க முடிகிறது. அதே கடையில் மூட்டை தூக்கிக் களைத்து வந்தவருக்கு ஆற்றிக் கொடுக்கும் தே தாரிக்கில் என்ன விழுகிறது? ஒரு மேசைக்கரண்டி டின் பால் 20 கிராம். அதில் பாதிக்கு மேல் சீனி. இரண்டு கரண்டியானால் 22 கிராம் அளவுக்குச் சீனி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நலம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த மனிதரோ நாளுக்கு மூன்று கிளாஸ் குடிக்கிறார். 2023-ல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 சதவீதத்தினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர்.

கேட்டதைத்தானே கொடுக்கிறோம் என்று பதில் சொல்லலாம். பதில் சரிதான், ஆனால் போதாது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராக ஏறக்குறைய அரை நூற்றாண்டு இருந்து 2019-ல் மறைந்த எஸ். எம். முகம்மது இத்ரீஸ் நம்மவர், அவரும் வணிகரே. அவர் தலைமையில் அச்சங்கம் சீனியின் கேட்டை ஓயாமல் எடுத்துச் சொல்லி வந்தது. பொருள் விற்பவன் பொருளின் குணத்தைப் பேசினால் வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சுவோர் அவரை நினைத்துப் பார்க்கட்டும்.

2019 ஜூலையில் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 2025-ல் அது 90 காசாக உயர்ந்தது. அந்த வரி புட்டியிலும் டின்னிலும் அடைத்து வரும் பானத்துக்கு. நம் கடையில் கையால் ஆற்றும் கிளாசுக்கு இல்லை. தேத்தண்ணீர் ஆற்றும் தம்பியிடம், கேட்டவருக்கு மட்டுமல்லாமல் கேளாதவருக்கும் ஒரு கரண்டியோடு நிறுத்தி, வேண்டுமென்றால் மேலும் ஊற்றலாம் என்று முதலாளி ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். டின் பாலிலும் மிச்சம்தான்.